மூன்றாம் மாடிக்கு வந்த வெந்நீர்

பெரம்பூரில் ரயில் லைனை ஒட்டி எங்கள் ஹவுசிங் போர்டு பிளாக் இருந்த காலத்தில், அதாவது அதை இடித்துத் தள்ளி நாங்கள் ஆளுக்கொரு திசையில் போய் விழுந்ததற்கு முந்தின காலத்தில், மூன்றாம் மாடியில் அமலோற்பவம் அக்கா என்று ஒரு மனுஷி இருந்தாள். அவளைப் போல வீட்டுக்கு வா வா என்று கூப்பிடுகிற ஆளை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. தபால்காரரைக் கூப்பிடுவாள், பஸ்ஸில் பக்கத்தில் நாலு ஸ்டாப்பிங் உட்கார்ந்து வந்தவளைக் கூப்பிடுவாள், ஆஸ்பத்திரி வரிசையில் முன்னால் நின்று இருமிக்கொண்டிருந்தவரைக் கூப்பிடுவாள், ஒருமுறை எங்கள் தெருவுக்குத் திருடனைத் தேடி வந்த போலீஸ்காரரையும் கூப்பிட்டாள். எல்லாருக்கும் ஒரே மாதிரி, கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைப் பார்த்து, "நம்ம வீட்டுக்கு ஒருநா வந்துட்டுப் போங்க, என்ன" என்பாள்.

யாரும் வந்ததில்லை. நாம் எல்லாரும்தான் அப்படிச் சொல்கிறோம், கேட்டவர்கள் எல்லாரும்தான் தலையை ஆட்டுகிறார்கள், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதுவும் மூன்று மாடி ஏறிப் போனால் அங்கே இருப்பது அவள் வீட்டுக்காரர் சூசைநாதன். ரயில் பெட்டி பட்டறையில் பிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். நாக்கு அரம் மாதிரி. பக்கவாதம் வந்து இடது கால் விழுந்ததிலிருந்து மூன்று வருஷமாக அவர் கீழே இறங்கவில்லை. லிப்ட் கிடையாது, பிள்ளைகளும் இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காய்கறி வண்டிக்காரரோடு மேலிருந்தே சண்டை போடுவார், அதுதான் அவருக்குத் தெரு.

அப்படி இருக்கும்போதுதான் எங்கள் சங்கச் செயலாளர் தெய்வசிகாமணி, வெந்நீர்க்குறிச்சி என்று ஒரு ஊர் இருக்கிறது, மலையடிவாரத்தில் பூமியிலிருந்து சுடச்சுடத் தண்ணீர் வருகிறது, சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்பினால் மூட்டுவலி முதுகுவலி எல்லாம் அங்கேயே விட்டுவிட்டு வரலாம் என்று சொல்லி ஒரு வேன் பிடித்தார். அமலோற்பவம் அக்கா முதல் ஆளாகப் பேர் கொடுத்தாள். சூசைநாதனை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு ஆம்பளைகள் படியில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

"சப்பரம் மாதிரி தூக்குதியளே, ஒரு மாலையாவது போட்டியளாடே?" என்று அவர் மேலிருந்து கத்தினார்.

"போட்டா மறுபடி எறக்கி வெக்க மாட்டோம் சார், பரவாயில்லையா?" என்றார் தெய்வசிகாமணி. வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே போனோம்.

அந்த ஊரைப் பற்றி என்ன சொல்வது. ஊரே அந்த ஊற்றைச் சுற்றி அடைகாக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தது. டீக்கடைக்காரருக்கு அடுப்பு இல்லை. வாய்க்காலில் பால் குண்டானை இறக்கி வைத்திருந்தார். முடிவெட்டுகிறவர் கை நீட்டி ஒரு குவளை மொண்டுதான் தாடியை நனைத்தார். வலைப்பையில் முட்டையைக் கட்டிக் குளத்தில் தொங்கவிட்டு, சாமி கும்பிட்டுவிட்டு வந்து எடுத்தால் வெந்திருந்தது. குளத்தங்கரையில் துண்டு வாடகைக்குக் கொடுக்கிற வேலம்மா என்ற பொம்பளை, அந்தத் தண்ணீரை எங்க பொண்ணு எங்க பொண்ணு என்றே பேசினாள். "எங்க பொண்ணு காலைல கொஞ்சம் கோவமா இருக்கும், சாயந்திரம் எறங்குங்க" என்பாள், அது மாதிரியேதான் காலையில் கொதிக்கும், சாயந்திரம் பதமாக இருக்கும். சனிக்கிழமை சாயந்திரம் இறங்கியவர்கள் சாப்பாட்டுக்குத்தான் ஏறினோம். சூசைநாதன் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு பேசாமல் இருந்தார். அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஈரத் துணியையெல்லாம் பிழிந்து மூட்டை கட்டி வேனில் ஏறிவிட்டோம், அமலோற்பவம் அக்காவை மட்டும் காணோம். எட்டிப் பார்த்தால் குளத்தங்கரையில் குத்தவைத்து உட்கார்ந்து, தண்ணீருக்குள் கையை விட்டு, ஒரு மனுஷியின் கையைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு சொல்கிறாள்: "எங்கள நல்லா கவனிச்சுக்கிட்ட தாயி. எங்க பக்கம் வந்தா நம்ம வீட்டுக்கு வந்துட்டுப் போ, என்ன. பெரம்பூரு. பி பிளாக்கு. மூணாவது மாடி."

நாங்கள் சிரித்தோம். வேலம்மாவும் துண்டை மடித்துக்கொண்டே சிரித்தாள். ஆனால் பாருங்கள், அந்த ஊற்று எத்தனையோ காலமாக அங்கே இருக்கிறது, எத்தனையோ ஜனம் வந்து குளித்திருக்கிறது, நோயை இறக்கியிருக்கிறது, அழுக்கை விட்டிருக்கிறது, முட்டை அவித்துத் தின்றிருக்கிறது, ஒருத்தராவது அதைப் பார்த்து நீயும் எங்கள் வீட்டுக்கு ஒருநாள் வா என்று சொன்னது கிடையாது. அதற்கு அது எப்படி இருந்திருக்கும்!

அந்த வாரமே வந்துவிட்டது.

நடந்துதான் வந்திருக்கிறது. வேலூர் தாண்டி ஒரு கத்திரிக்காய்த் தோட்டத்தில் ஓரமாகச் செடியை மிதிக்காமல் போனதாகச் சொன்னார்கள். பூந்தமல்லியில் டிராபிக் போலீஸ்காரர் லாரியையெல்லாம் நிறுத்தி அதை ரோட்டைக் கடக்க விட்டாராம். புளியந்தோப்பில் வழி தவறி ஒரு வீட்டு வாசலில் போய் நின்றபோது, அங்கே ஒரு பெரியவர் காலைக் கழுவிக்கொண்டு, இது இல்லம்மா, பாலம் ஏறி எறங்கு, என்று கையைக் காட்டினாராம். நான் தரைத்தளத்து வீட்டுக்காரி, பூக் கட்டி விற்கிறவள். வாசலில் உட்கார்ந்து கனகாம்பரம் தொடுத்துக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு அடியில் தீக்குச்சி உரசின வாசனையோடு தண்ணீர் வந்தது. கொட்டின தண்ணீர் மாதிரி பரவவில்லை, சேலைக் கொசுவத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வருகிறவள் மாதிரி ஓரத்தையெல்லாம் இழுத்துச் சுருக்கிக்கொண்டு வந்து, என் காலைச் சுற்றி இளஞ்சூடாக நின்றது. வழி கேட்கிறது என்று தெரிந்தது.

"மூணாவது மாடி, எடது பக்கம்" என்றேன். படியேறிப் போனது.

அமலோற்பவம் அக்கா கதவைத் திறந்த சத்தம் கீழே வரைக்கும் கேட்டது. "வா தாயி, வா, வா. வழி கண்டுபிடிக்கக் கஷ்டமா இருந்திச்சோ?"

"யாருட்டி அது?" என்றார் உள்ளேயிருந்து சூசைநாதன்.

"நம்ம வெந்நீர்க்குறிச்சித் தண்ணி வந்திருக்கு."

"அம்புட்டுத் தூரத்துல இருந்தா? உக்காரச் சொல்லு."

கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் அது உட்கார்ந்தது. சிமெண்டுத் தரை அது உட்காருகிற அளவுக்குப் பள்ளம் கொடுத்தது, ஒரு பெரிய அண்டா அகலத்துக்கு, முழங்கால் ஆழத்துக்கு. இரண்டாம் மாடி வீட்டுக் கூரையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. அக்கா காபி போட்டு ஒரு டம்ளர் அதற்கும் ஊற்றினாள், அது குபுக்கென்று ஒரு குமிழி விட்டுக் குடித்துக்கொண்டது.

இரண்டு நாள் மூன்று நாள் என்றால் யாரும் கேட்கமாட்டார்கள், அது தங்கிவிட்டது. தெய்வசிகாமணி சட்டையை மாட்டிக்கொண்டு மேலே போனார், வெளியாள் ஒரு வாரத்துக்கு மேல் தங்கினால் சங்கத்துக்குச் சொல்லவேண்டும் என்று அவர்தான் ஒரு சட்டம் வைத்திருந்தார்.

"உங்களுக்கு என்ன ஒறவும்மா?" என்று அக்காவைக் கேட்டார்.

"தெரிஞ்சவுக" என்றாள் அக்கா.

அவர் தலையை ஆட்டிவிட்டு, வந்தது வந்தோம் என்று பேண்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவர் வீட்டம்மா வந்து கூப்பிட்டபோதுதான் எழுந்தார், எழுந்த இடத்தில் அந்த அம்மா உட்கார்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு எங்கள் பிளாக் பிளாக்காகவா இருந்தது? விடிகாலையில் ரயில்வே டூட்டி முடித்து வருகிறவர்கள் பூட்ஸைக் கழற்றி வெளியே வரிசையாக விட்டுவிட்டுக் காலை நனைத்துக்கொண்டு போனார்கள். சமையல் முடிந்ததும் பொம்பளைகள் வந்தார்கள், வேர்க்கடலையைத் துணியில் முடிந்து போட்டார்கள், கிழங்கு போட்டார்கள், பிரசவித்துப் பதினோரு நாள் ஆன பெண்ணைக் கூட்டிவந்து இடுப்புக்கு ஊற்றினார்கள். கைக்குழந்தையை இறக்கினால் அது தானே சூட்டைக் குறைத்துக்கொள்ளும். அக்கா ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தால் கொதிப்பை அடக்கிக்கொண்டு கேட்கும். மோட்டார் தண்ணீருக்காகச் சண்டை போட்டு, எதிரெதிர் கதவை வருஷக்கணக்காகச் சாத்தி வைத்திருந்த இரண்டு வீட்டுக்காரிகள் ஒரே நேரத்தில் வந்து, போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் நின்று, கடைசியில் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். தண்ணீருக்குள்ளே யார் கால் யார் காலில் முதலில் பட்டதோ, "யம்மா, உன் பித்தவெடிப்பு என்னடி ஈட்டி மாதிரி குத்துது" என்று ஒருத்தி சொல்ல, மற்றவள் சிரித்துவிட்டாள்.

உட்கார்ந்தால் பேச்சுத்தானே. கால் சூடாக இருந்தால் வாய் எங்கெங்கோ போகிறது. ஒருத்தி அவள் ஊர் ஏரியில் தாமரைத் தண்டு பறித்ததைச் சொல்வாள், ஒருத்தர் முதன்முதலில் சென்டிரலில் வந்து இறங்கி, தாத்தா சொன்ன டிராம் வண்டியைத் தேடி, அது எப்போதோ நின்றுபோனது தெரியாமல் ஏமாந்ததைச் சொல்வார், சூசைநாதன் பட்டறையில் பெட்டிக்குச் சக்கரம் கோத்த கதையை நீட்டி நீட்டிச் சொல்லி, நடுவில் எதிர்ப்பேச்சுப் பேசினவனுக்கெல்லாம் ஒரு திட்டும் கொடுத்து, திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பார். நான் விற்காத பூவை எடுத்துக்கொண்டு போய் எல்லார் தலையிலும் வைத்துவிடுவேன். ஆவி ஜன்னல் வழியாக வெளியே போய் ரயிலில் போகிறவர்கள் மேலெல்லாம் படும், தலையை நீட்டி அவர்கள் எங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே போவார்கள். அந்த நாளையெல்லாம் இப்போது நினைத்தாலும் எனக்குப் பாதம் சூடாகிறது.

அமலோற்பவம் அக்காவுக்குத்தான் ஒரு நிமிஷம் ஓய்வில்லை, முகமோ துடைத்து ஏற்றின சிம்னி விளக்கு மாதிரி இருந்தது. அவளுக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் ஒன்று இருந்தது. சூசைநாதன் பகல் முழுக்க அந்த இடது காலைத் தண்ணீரில் விட்டிருந்தார். முதலில் பெருவிரல் அசைந்தது. பிறகு முட்டி மடங்கியது. ஒரு நாள் சாயந்திரம் ஜன்னல் கம்பியை விட்டுவிட்டுச் சுவரைத் தடவித் தடவி அடுக்களைக்குப் போய், "காபி கேட்டு எம்புட்டு நேரம் ஆச்சு?" என்று அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டார். அவள் கையிலிருந்த பாத்திரத்தைப் போட்ட சத்தம் தரைத்தளத்துக்குக் கேட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வெந்நீர்க்குறிச்சியிலிருந்து ஒரு பஸ் வந்து எங்கள் கேட்டில் நின்றது.

சண்டைக்கு வந்தவர்கள் மாதிரி வரவில்லை. கோபித்துக்கொண்டு போன மகளை அழைக்க வருகிற மாதிரி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், மஞ்சள், ஒரு புடவை என்று வைத்துக்கொண்டு வரிசையாகப் படியேறினார்கள். முன்னால் வேலம்மா. கதவருகில் நின்று, "யம்மா, எங்க பொண்ணு ஒங்க வூட்ல கீதுன்னு சொன்னாங்க" என்றாள். உள்ளே பார்த்ததும் தாம்பாளத்தை யார் கையிலோ கொடுத்துவிட்டு, போய்த் தண்ணீரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

ஊர் எப்படி இருக்கிறது என்று நாங்கள் கேட்டோம். "என்னத்த சொல்ல. டீக்கடைக்காரன் அடுப்பு வாங்கி வச்சான், பழக்கமில்லாம கைய சுட்டுக்கினான். லாட்ஜ பூட்டிட்டாங்க. ஒருத்தி புள்ள பெத்தா, மேலுக்கு ஊத்த வெந்நி இல்லாம ஊரே வெறகுக்கு ஓடுது. கொளம் காஞ்சு போய் நடுவுல ஒரு நாய் படுத்துக்கினு கீது. அத நான் தெனமும் தாண்டிப் போறேம்மா."

அந்த ஊர்ஜனம் கூப்பிட்டது. வாம்மா, வா கண்ணு, போலாம் என்று பேர் பேராகச் சொல்லிக் கூப்பிட்டது. தண்ணீர் ஓரம்வரைக்கும் தளும்பி வரும், அப்புறம் உள்ளே போய்விடும். தெய்வசிகாமணிதான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்: "கூப்பிட்ட வீட்டுக்காரங்க வாயால போய்ட்டு வான்னு சொல்லாம அது எப்டி எழுந்து போவும்? மரியாதை தெரிஞ்சதாச்சே."

எல்லாரும் அமலோற்பவம் அக்காவைப் பார்த்தோம். அவள், "முதல்ல எல்லாரும் சாப்பிடுங்க" என்று அடுக்களைக்குள் போய்விட்டாள்.

வீட்டுக்கு வீடு உலை வைத்தோம். மாடிப்படியில் இலை போட்டு, படிக்கு இரண்டு பேராக உட்காரவைத்து, மேலிருந்து கீழே சாம்பார் வாளி இறங்கினது. அக்கா ஒவ்வொரு இலையாகக் குனிந்து பரிமாறினாள், வேலம்மா முகத்தை மட்டும் பார்க்கவில்லை. வேலம்மாவும் சாப்பிட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "நீயே வச்சுக்கோன்னு சொல்ல எனக்கு மனசு வருது யக்கா. ஊருக்கு மனசு வர மாட்டேங்குது."

வாளியோடு உள்ளே போனவள் திரும்பி வராததால் நான் போய்ப் பார்த்தேன். சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

"நாகு, நேத்துதான் அவரு இந்த எடம் வரைக்கும் நடந்து வந்தாரு. இங்கன, இந்தா, நான் நிக்கேன்ல, இங்கன. இது போச்சுன்னா மறுபடியும் அந்த ஜன்னல்தான் அவருக்கு. நான் எந்த வாயால போன்னு சொல்லுவேன்? அந்த ஊருக்காரி மொகத்தப் பாத்தா சொல்லாம இருக்கவும் முடியல."

அவள் தோளில் கையை வைத்துக்கொண்டு நானும் சுவரைப் பார்த்தேன்.

"ஏட்டி அமலி" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. "அங்க என்ன குசுகுசுன்னு? அந்த வெள்ளச் சட்டைய எடு."

"எதுக்கு?"

"வந்தவுகள தெருமுனை வரைக்குமாவது கொண்டு விட வேண்டாமா? வாசல்லயே அனுப்பிட்டா நல்லாவா இருக்கும்?"

"ஒங்களால எறங்க முடியாதுங்க."

"அத நான்ல சொல்லணும். சட்டைய எடுட்டி, பஸ்ஸு நிக்கி."

அவருக்கு என்ன போகப்போகிறது என்று அவருக்குத் தெரியாமலா? அவர் முந்திக்கொண்டார், அவ்வளவுதான். அக்கா வெள்ளைச் சட்டையை மாட்டிவிட்டு, பொத்தானைப் போட்டுவிட்டு, தண்ணீருக்குப் பக்கத்தில் போய்க் குத்தவைத்தாள். ஒரு டம்ளர் காபியை ஊற்றினாள். நான் கொடுத்த பூவை மிதக்கவிட்டாள். பிறகு கையைத் தண்ணீருக்குள் விட்டு, "போயிட்டு வா தாயி" என்றாள்.

அது எழுந்தது. சிமெண்டுத் தரை பழையபடி மட்டமாக ஆனது. கதவைத் தாண்டிப் படியில் இறங்கியது, ஒரு படி இறங்கும், நிற்கும், சூசைநாதன் இடது காலை அந்தச் சூட்டில் வைப்பார், வலது காலை வைப்பார், அது அடுத்த படிக்கு இறங்கும். இப்படியே மூன்று மாடியும் வந்தார்கள். சாப்பிட்ட கை காயாமல் ஜனம் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டது. ஒருத்தரும் அவர் கையைப் பிடிக்கப் போகவில்லை, போனால் திட்டு விழும். வாசலைத் தாண்டினார், கேட்டைத் தாண்டினார், தெருமுனை வரைக்கும் கணுக்கால் நனைய நடந்தார். அங்கே தண்ணீர் அவர் இரண்டு காலையும் ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு ரோட்டோரமாக ஓரத்தைச் சுருக்கிக்கொண்டு போயிற்று. பஸ் அதற்குப் பின்னால் மாட்டு வண்டி வேகத்தில் போனது, வேலம்மா கடைசி ஜன்னலிலிருந்து கை எடுத்துக் கும்பிட்டாள்.

சூசைநாதன் ஒரு கரண்ட் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு காய்ந்த ரோட்டில் நின்றார். ரோட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"இங்க ஒரு சைக்கிள் கடை இருந்துச்சே?"

"அது செல்போன் கடையா மாறி ரொம்ப நாளாச்சு சார்" என்றேன்.

"ஓஹோ" என்றார். எதிரே பஜ்ஜி போடுகிறவளைப் பார்த்தார், ஆட்டோவுக்குள் தூங்குகிறவரைப் பார்த்தார், சிக்னல் மாறுகிறவரைக்கும் பார்த்து, மாறினதும் இன்னொரு தடவை மாறட்டும் என்று நின்றார். இடது கால் நடுங்க ஆரம்பித்தது. அக்காவுக்கு அது தெரிந்துவிட்டது.

"வாங்க. ஆம்பளையள தூக்கச் சொல்லுதேன்."

"எங்க தூக்க? மேலயா?" என்றார். திட்டுகிற குரலே இல்லை அது. "மேல போனா மறுபடி எப்பம் எறங்க?"

அக்கா திரும்பி எங்கள் பிளாக்கைப் பார்த்தாள்.

"என் வூட்ல இருங்க" என்றேன். "கீழ் வூடு. வாசல்ல எறங்குனா தெரு. நான் மேல போறேன். நான் ஒண்டி ஆளு, பூக்கூடையோட நாள் பூரா நாலு தெரு சுத்தற காலு, மூணு மாடி ஏறாதா?"

"அப்டியெல்லாம் மாத்திக்க முடியாது" என்று தெய்வசிகாமணி அவசரமாக வந்தார். "ஒதுக்கீடு யார் பேர்ல இருக்குதோ அவங்கதான். போர்டு ஆபீஸ்ல கேக்கணும்."

"ஏ செயலாளரு, ஒரு ஊத்து வந்து தங்கிட்டுப் போச்சே, அதுக்கு எந்த ஆபீஸ்ல போய்க் கேட்டீரு?" என்றார் சூசைநாதன். கம்பத்தைப் பிடித்தபடி, முகமெல்லாம் சிரிப்பு. "ஒருத்தன கீழ கொண்டாந்து வைக்கலாம்னு ஒங்களுக்கெல்லாம் தோணுததுக்கு மலையில இருந்து தண்ணி வர வேண்டியிருக்கு."

தெய்வசிகாமணி சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்து, "முதல்ல பீரோவ எடுங்கப்பா" என்றார்.

பொழுது சாய்வதற்குள் முடித்துவிட வேண்டும் என்று பிளாக்கே இறங்கியது. ஆனால் யார் எந்தப் பக்கம் முதலில் என்று ஒருத்தரும் பேசிவைக்கவில்லை. மேலேயிருந்து அவர்கள் இரும்புக் கட்டில் இறங்குகிறது, கீழேயிருந்து என் பீரோ ஏறுகிறது, இரண்டாம் மாடித் திருப்பத்தில் இரண்டும் சந்தித்துக்கொண்டன. பீரோ பின்னால் போனால் என் அண்டாவும் கூடையும் இடிக்கும், கட்டில் மேலே போனால் அவர்கள் மாதா படமும் ஆட்டுக்கல்லும் இடிக்கும். "நீ ஒதுங்கு" என்கிறார் ஒருத்தர், "எங்க ஒதுங்க, செவுத்துக்குள்ளயா?" என்கிறார் ஒருத்தர். கட்டிலுக்கு அடியில் குனிந்து வந்து யாரோ டீ கொடுக்கிறார்கள். அமலோற்பவம் அக்கா மேல்படியில் தலையணையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள், நான் கீழ்ப்படியில் சூசைநாதனின் வெள்ளைச் சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்து விழுந்ததைப் பொறுக்கிக்கொண்டு நிற்கிறேன், நடுவில் இரண்டு வீடும் அசையாமல் நிற்கிறது, சிரிப்புத் தாங்கமுடியவில்லை.

அப்போதுதான் வாசலிலிருந்து, பட்டறையில் சக்கரம் கோக்கும்போது கொடுக்கிற அந்தப் பெரிய குரல், படிக்கட்டு முழுக்க நிறைந்து மேலே வந்தது:

"அவசரப்படாதிங்கடே! மெதுவாத் திருப்புங்க! நான் எங்கயும் போவல, கீழதான் இருக்கேன்!"